கடுகு சாஸும் மாநில உரிமையும்: கொலம்பியாவில் ஒரு சாப்பாட்டுக்கடை

முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வழக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. திருத்துறைப்பூண்டி முன்சீப் கோர்ட்டில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான்.

மகள் இருப்பது அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் தலைநகரான கொலம்பியாவில். அந்த ஊர்ப் பக்கம் பேர்போன பண்டம், விறகுத் தணலில் மணிக்கணக்கில் வாட்டிப் பிய்த்துப் போட்ட பன்றிக்கறி. பார்பிக்யூ என்கிறார்கள். அமெரிக்காவில் வேறு இடங்களில் அதற்குத் தக்காளி சாஸ் ஊற்றுவார்களாம், இன்னும் சில இடங்களில் வெறும் வினிகர். கொலம்பியாவைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் மட்டும் கடுகு சாஸ். பதினெட்டாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர் கொண்டுவந்த பழக்கம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்தச் சாஸைப் புட்டியில் அடைத்து வெளியூருக்கும் அனுப்பிப் பெயர் வாங்கிய கடைகளில் முக்கியமானது, 1953இல் மோரிஸ் பெசிங்கர் என்பவர் தொடங்கிய பிக்கி பார்க். நானும் மாப்பிள்ளையும் ஒரு வியாழக்கிழமை மதியம் போனோம்.

சாஸின் நிறம் நம் மோர்க்குழம்பு. நாக்கில் வைத்ததும் முதலில் இனிப்பு, உடனே வினிகர்ப் புளிப்பு. அவ்வளவுதான் என்று நினைத்து விழுங்கினால், ஒரு விநாடி கழித்து மூக்கின் உள்பக்கம் கடுகு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாவடு ஜாடியின் அடியில் கடுகுத்தூள் கரைந்து நிற்கும் தண்ணீரை ஆள் பார்க்காமல் விரலால் வழித்து நக்கிய சிறுவர்களுக்கு இது புதிய ருசி இல்லை. கறி மிருதுவாக இருந்தது. கீழ்வரிசையில் கட்டுப்பல் வைத்திருக்கும் எனக்கே சிரமமில்லை. புகை வாசனை கறிக்குள் இறங்கியிருந்தது.

ஆனால் நான் சொக்கிப்போனது ஹாஷ் என்ற பண்டத்தில். பன்றிக்கறியை அது கரைந்து குழம்பாகும் வரை வேகவிட்டு, வெள்ளைச் சோற்றின் மேல் ஊற்றித் தருகிறார்கள். ஆம், சோறு. அமெரிக்கா போய் இறங்கிப் பதினோராம் நாள் ஒரு கடையில் கேட்காமலே தட்டில் சோறு வந்தது. ஒரு காலத்தில் இந்த மாநிலத்தின் செல்வமே நெல்தானாம். சதுப்பு நிலத்தில் வரப்பு போட்டு மதகு வைத்து நெல் விளைவித்தவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். டெல்டாக்காரனுக்கு மதகு என்ற சொல்லைக் கேட்டதும் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஹாஷை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பன்றிக்கறி என்றால் முகம் சுளிக்கும் வீட்டில் பிறந்தவன் நான். அறுபது வயதுவரை தொட்டதில்லை. சுளிப்புக்குக் காரணம் கறியின் சுவை இல்லை, ஊரில் அதை வளர்த்தவர்கள் யார், தின்றவர்கள் யார் என்பதுதான். இது புரிந்த நாளில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் சாப்பிடப் பழகினேன்.

இனி, மகள் எங்களோடு ஏன் வரவில்லை என்ற கதை.

“அப்பா, அந்தக் கடைக்கு வேண்டாம். ஊரில் வேறு கடையா இல்லை?” என்றாள். காரணத்தை அவள் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் சொன்னார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கறுப்பினப் பெரியவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தினமும் காலையில் ஒன்றாக நடப்போம். என் ஆங்கிலம் கோர்ட் ஆங்கிலம், அவருடையது தென்மாநில இழுப்பு. இருந்தாலும் பேச்சு ஓடும். “அந்தச் சாலையில் போகும்போது என் அப்பா காரின் கண்ணாடிகளை ஏற்றிவிடுவார். வாசனை உள்ளே வந்தால் பிள்ளைகள் கேட்போம், கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே” என்றார்.

வீட்டுக்கு வந்து தீர்ப்பைத் தேடிப் படித்தேன். நியூமன் எதிர் பிக்கி பார்க், அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1968 மார்ச் 18. சில பக்கங்களே உள்ள தீர்ப்பு. வழக்கின் பிறப்பு இப்படி. பொது உணவகங்களில் நிறம் பார்க்கக் கூடாது என்ற குடிமை உரிமைகள் சட்டம் 1964 ஜூலை 2ஆம் தேதி கையெழுத்தாகிறது. அந்தக் கோடையிலேயே பாதிரியார் ஒருவரின் மனைவியான ஆன் நியூமன் இந்தக் கடையின் கிளை ஒன்றுக்குக் காரில் வருகிறார். காரில் இருந்தபடியே சாப்பிடுவதற்காகக் கட்டிய கடை. பணிப்பெண் வெளியே வருகிறாள், காருக்குள் இருப்பவர்களைப் பார்க்கிறாள், திரும்பி உள்ளே போய்விடுகிறாள். பிறகு ஆர்டர் எழுதும் தாளோடு ஓர் ஆள் வருகிறார். எழுதிக்கொள்ள மறுக்கிறார், காரணமும் சொல்லவில்லை. கறுப்பினத்தவர் வாங்கலாம், ஆனால் சமையலறைப் பக்கம் வந்து பொட்டலமாக வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். அங்கே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. இதுதான் கடையின் வழக்கம் என்று விசாரணையில் பதிவானது.

இதைப் படித்தபோது என் கண் முன் வந்தது எங்கள் பக்கத்து டீக்கடைகளின் கொல்லைப்புறமும் அங்கே கம்பியில் கவிழ்த்து வைத்திருந்த தனிக் குவளைகளும்தான்.

பெசிங்கரின் எதிர்வாதங்கள் சுவையானவை. என் கடை மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் சேராது, ஆகவே மத்திய அரசின் சட்டம் என்னைத் தொடாது என்பது ஒன்று. என் சொத்து, என் விருப்பம் என்பது இன்னொன்று. கறுப்பரும் வெள்ளையரும் கலப்பது கடவுளின் சித்தத்துக்கு விரோதம், ஆகவே இந்தச் சட்டம் என் மத சுதந்திரத்தில் கைவைக்கிறது என்பது மூன்றாவது. காரில் வந்து சாப்பிடும் கடைகள் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்று கீழமை நீதிமன்றம் முதலில் அவருக்குச் சாதகமாகவே சொன்னது. மேல்முறையீட்டில் அது போயிற்று. உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது எஞ்சியிருந்த கேள்வி வக்கீல் கட்டணம் மட்டுமே. இப்படிப்பட்ட வழக்கில் வென்றவருக்குக் கையில் பணம் கிடைப்பதில்லை, இனி இப்படிச் செய்யக் கூடாது என்ற உறுத்துக் கட்டளை மட்டும்தான். அப்படியானால் அவர் எல்லாருக்காகவும்தான் வழக்காடுகிறார், ஆகவே சாதாரணமாக வக்கீல் கட்டணத்தைத் தோற்றவரே தர வேண்டும் என்றார்கள். கடவுள் சித்தம் என்ற வாதத்துக்குக் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பு. சந்தேகத்துக்கு இடமுள்ள வழக்குக்கூட இல்லை இது என்று தள்ளிவிட்டார்கள். செலவுத்தொகைக்கு எத்தனை ஆயிரம் டிக்ரி எழுதியவன் நான்! இவ்வளவு கொஞ்ச வரிகளில் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்த உத்தரவு என் கண்ணில் பட்டதில்லை.

கதை அதோடு முடியவில்லை. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் போர்க்கொடி, தென் கரோலினா சட்டமன்றக் குவிமாடத்தின் உச்சியிலிருந்து 2000 ஜூலை 1ஆம் தேதி இறக்கப்பட்டது. பெசிங்கர் உடனே அதைத் தம் கடைகளில் ஏற்றினார். அடிமை முறைக்கு பைபிளில் ஆதாரம் காட்டும் பிரசுரங்களும் அவர் கடையில் கிடைத்தன என்பது செய்தியாயிற்று. பெரிய மளிகைத் தொடர்கடைகள் ஒவ்வொன்றாக அவர் சாஸைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டன. அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? என் அரசியல் கருத்துக்காக என் சரக்கை விலக்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தக் கடைகள் மேல் வழக்குப் போட்டார். என் கடையில் யாருக்குப் பரிமாறுவது என்பது என் இஷ்டம் என்று உச்ச நீதிமன்றம்வரை வழக்காடியவர் அவர்! தோற்றார். 2014இல் காலமானார். பிள்ளைகள் பொறுப்புக்கு வந்த பிறகு கொடி இறங்கியது. நாங்கள் போன அன்று பக்கத்து மேசையில் ஒரு கறுப்பினக் குடும்பம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இதையும் சொல்வதுதான் நியாயம்.

சாப்பாட்டு விமர்சனத்தில் எனக்கு என்ன அரசியல் என்று கேட்கலாம். என் வயிற்றைப் பிசைந்தது வேறு ஒன்று.

நடையின்போது ஒரு நாள் அந்தத் தபால்காரப் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன்: “இளமையில் நான் மாநில உரிமைக்காரன். அதற்காகச் சுவரெழுத்து எழுதியவன்.” அவர் நடையை நிறுத்திவிட்டார். அதுவரை பார்க்காத ஒரு முகம். “யாருக்கு எதிராக?” என்று கேட்டார்.

“டில்லிக்கு எதிராக” என்றேன். சிரித்துவிட்டு மறுபடி நடந்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நான் எழுதியது 1974இல். மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்த ராஜமன்னார் குழுவின் அறிக்கை 1971இல் வந்து, அதன் அடிப்படையில் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு. ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்ற முழக்கத்தில் கொட்டை எழுத்து என்னுடையது. ஓரம் கட்டியது ஒரு நண்பன். எனக்கு அந்தச் சொல் அண்ணாவின் சொல், மொழியின் சொல், பின்னாளில் 69 சதவீத இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றிய சொல். அவருக்கு? 1948இல் அவர் மாநிலத்து ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்ட், நிறப் பாகுபாட்டைக் காக்க ஒரு கட்சியின் பேரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று நான்கு மாநிலங்களில் வென்றார். கட்சியின் பெயரிலேயே ‘மாநில உரிமை’ இருந்தது.

தர்மண்டின் சிலை சட்டமன்ற வளாகத்தில் இருக்கிறது. பிக்கி பார்க் போகிறவர்கள் இதையும் பார்த்துவிட்டு வரவேண்டும், கட்டணம் இல்லை. பீடத்தில் பிள்ளைகளின் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. நான்கு பிள்ளைகளின் தந்தை என்று முதலில் வெட்டியிருந்தார்கள். 2003இல் அவர் தம் நூறாவது வயதில் இறந்த பிறகு, வீட்டு வேலைக்கு வந்த பதினாறு வயதுக் கறுப்பினப் பெண்ணிடம் 1925இல் அவருக்குப் பிறந்த மகள் எஸ்ஸி மே வெளியுலகுக்கு வந்தார். ஆகவே ‘நான்கு’ என்ற சொல்லைப் பூசி அடைத்து அதன் மேல் ‘ஐந்து’ என்று வெட்டி, அடியில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். பூசின இடம் தனியாகத் தெரிகிறது. கல்லில் விரலை வைத்துப் பார்த்தேன். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஓரத்தில் சான்றொப்பம் கேட்பது என் தொழில்.

பிறகு பழைய ஆவணங்களை நோண்டினேன். இதற்குத்தான் என்னிடம் நேரம் நிறைய இருக்கிறதே. 1860 டிசம்பரில் தென் கரோலினா ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது காரணங்களை விளக்கி ஒரு பிரகடனம் வெளியிட்டது. மாநில உரிமையைப் பற்றிய வியாக்கியானம் அதில் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் குறைப்பட்டுக்கொண்டது எதைப் பற்றி? வடமாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களைக் காட்டி, தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் தர மறுக்கின்றன, ஒன்றியத்தின் சட்டத்தை மதிப்பதில்லை என்பதே. அதாவது, மற்ற மாநிலங்கள் மாநில உரிமை கொண்டாடுகின்றன என்பதுதான் புகார். விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 1854இல், தப்பிய அடிமைகளைப் பிடிக்கும் ஒன்றியச் சட்டம் செல்லாது என்றது. ஒன்றிய உச்ச நீதிமன்றம் 1859இல் அதை ரத்து செய்தபோது, விஸ்கான்சின் சட்டமன்றம் மாநில இறையாண்மை பேசித் தீர்மானம் போட்டது. ஒரே சொல்தான். ஒரு பக்கம் அடிமையை விடுவிக்க ஓடியது, மறுபக்கம் அடிமையைப் பிடிக்க ஓடியது.

முப்பத்து நான்கு ஆண்டு மனுக்களைப் படித்த பழக்கத்தில் எனக்கு ஒன்று தெரியும். பிராது கைக்கு வந்தால் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டு உட்கார மாட்டேன். அதில் எல்லாரும் அரிச்சந்திரர்கள். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவேன், ‘வாதி கோரும் பரிகாரம்’ என்ற பத்திக்கு. பெசிங்கரின் முதல் பக்கத்தில் கடவுள், சொத்துரிமை, அரசியல் சட்டம் எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் இருந்தது, திருமதி நியூமன் தம் காரில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா என்றால் இல்லை. 1964இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற பாரி கோல்ட்வாட்டர் அதே குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். 1957, 1960 சட்டங்களை ஆதரித்தவர். தம் மாநிலமான அரிசோனாவில் விமானப் படைக் காவலர் பிரிவில் நிறப்பாகுபாட்டை ஒழித்தவர். நிறவெறி அவர் மனத்தில் இருந்ததாக எதிரிகளில் பலரும் சொல்லவில்லை. தனியார் கடைக்காரருக்கு உத்தரவிட ஒன்றியத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் கொள்கை. அந்தத் தேர்தலில் அவர் வென்றது சொந்த மாநிலத்தையும் ஆழ்தெற்கு என்று அழைக்கப்படும் தென்கோடியின் ஐந்து மாநிலங்களையும் மட்டுமே. தென் கரோலினா அதில் ஒன்று. அவர் முதல் பக்கத்தை நம்பினார், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் கடைசிப் பக்கத்தைப் படித்தார்கள். அவருடைய பிராதை நான் எந்தக் கட்டில் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என்னுடையதை மட்டும் எங்கே வைப்பதாம்? 1974இல் நான் எழுதிய சுவர் ஒன்று ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த மண்டபத்துச் சுவர். எழுதிக்கொண்டிருக்கும்போது கீழத்தெருப் பெரியவர் ஒருவர், சேரிக்காரர், வந்து நின்று படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். “டில்லியிலிருந்து அதிகாரம் மெட்ராசுக்கு வரட்டும் தம்பி. மெட்ராசிலிருந்து எங்கள் தெருவுக்கு எப்போது வரும்?” என்றார். கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்து ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. சைக்கிளில் போகும் தூரம். அன்று ஆட்சியில் இருந்தது என் கட்சி, என் அண்ணா. நான் பதில் சொல்லாமல் ‘கூட்டாட்சி’க்குச் சுண்ணாம்பு பூசினேன். பின்னாளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தபோது அது வந்தது மெட்ராசிலிருந்து இல்லை, நாடாளுமன்றத்திலிருந்து. அந்தச் சட்டத்தில் பதிவான வழக்கின் ஆவணங்களைப் பார்க்கும்போதெல்லாம் கீழத்தெருப் பெரியவர் நினைவுக்கு வருவார்.

மாநில சுயாட்சியை நான் கைவிட்டேனா? இல்லை. நாளைக்கும் எழுதுவேன், கை நடுங்கினாலும். ஆனால் ‘யாருக்கு எதிராக’ என்று ஒருவர் கேட்டால் கோபப்பட மாட்டேன். அவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

சாஸுக்குத் திரும்புகிறேன். மோரிஸின் அப்பா ஜோ பெசிங்கர் ஹாலி ஹில் என்ற சிற்றூரில் கடை நடத்தியவர். கடுகு சாஸ் அவர் கைப்பக்குவம். பிள்ளைகள் தனித்தனியாகக் கடை வைத்தபோது ஆளுக்கொரு சாஸாக அதுவே போயிற்று. சார்ல்ஸ்டன் பக்கம் கடை நடத்திய சகோதரர் மெல்வின், 2000இல் கொடி விவகாரம் வெடித்தபோது, அந்தக் கருத்துகள் என்னுடையவை அல்ல என்று ஊருக்குச் சொல்லவேண்டி வந்தது. மகள் வீட்டில் வாங்குவது மெல்வின் புட்டி. நான் மோரிஸ் கடைப் புட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். என் மனைவி மெதுவடை சுட்டாள். இரண்டையும் கிண்ணங்களில் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் வைத்தோம். கடுகு சாஸுக்கு மெதுவடை அத்தனை பொருத்தம், தேங்காய்ச் சட்னி மன்னிக்கட்டும். மாப்பிள்ளைக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு ஒன்றில் இனிப்பு ஒரு பிடி கூடுதலாகப் பட்டது, ஆனால் எது என்று மாற்றிச் சொன்னேன். மகள் மட்டும் இரண்டாம் கிண்ணத்தைத் தொடவில்லை. கிண்ணத்தை வைத்தவள் அவள்தானே.

“ருசிக்கு ஐந்துக்கு நாலரை போடுவேன் அம்மா” என்றேன்.

“ருசிக்குப் போடுங்கள் அப்பா. நான் வாங்க மாட்டேன்” என்றாள். அவளுடைய அலுவலகத் தோழிகளில் பாதிப்பேர் கறுப்பினத்தவர், எதிர்வீட்டுப் பெரியவரின் பேத்தி வயதுக்காரர்கள். அவர்கள் சாப்பிட வரும் மேசையில் அந்தப் புட்டி இருக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. பிள்ளைகள் நடத்தும் கடை, கொடி இறங்கிவிட்டது, வேலை செய்பவர்கள் எல்லா நிறத்திலும் இருக்கிறார்கள் என்பது மாப்பிள்ளையின் கணக்கு. நான் இருவர் பக்கமும் குறிப்பு எழுதிக்கொண்டு தேதி போடாமல் விட்டேன்.

போகிறவர்களுக்கு: வேலை நாளில் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ஹாஷ் சோற்றை விடாதீர்கள். பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கு, அந்த மாநிலத்துச் சாலையோரங்களில் விற்கும் அவித்த வேர்க்கடலை போதும். அதுதான் மாநிலத்தின் அதிகாரபூர்வச் சிற்றுண்டியாம். உப்புத் தண்ணீரில் தோலோடு அவித்து அப்படியே நம்மூர் மாதிரி.

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் மெல்வின் புட்டியை வைத்தாள் மகள். மோரிஸ் கடைப் புட்டி அவள் வீட்டுக் குளிர்பெட்டியின் பின்வரிசையில் இருக்கிறது. போன வாரம் பேசும்போது அது பாதிக்கு வந்துவிட்டது என்று சொன்னாள். மாப்பிள்ளை வேலை முடிந்து இரவில் தாமதமாக வரும் நாட்களில் குறைகிறதாம்.